தனிப்பிள்ளை, நடுப்பிள்ளை, ஒரு றலி சைக்கிள்

2025 ஜூன் 8 – வாசகி ஒருவரின் கேள்வி

எனக்கு ஒரே மகள், ஆறு வயது. "ஒண்டு காணாது, தனிப்பிள்ளை பிடிவாதமாய்த்தான் வரும், இன்னொண்டைப் பெறு" என்று மாமியிலிருந்து மீன்காரர் வரை சொல்கிறார்கள். மூத்தது பொறுப்பு, நடுவில் ஏக்கம், கடைக்குட்டி செல்லம், தனிப்பிள்ளை தன்னலம் என்று எங்கள் பெரியம்மா ஒரு பட்டியலே வைத்திருக்கிறார். சுற்றிப் பார்த்தால் அது பொருந்தவும் செய்கிறது. உண்மையிலேயே கூடப்பிறந்தவர்கள் ஒரு ஆளை அவ்வளவுக்கு ஆக்குவார்களா? நாற்பது ஐம்பது தாண்டியவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு

எனக்கு 53. ஐந்து பேரில் நடு. ஆகவே கேள்வி எனக்குத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில், மீன்காரர் சொன்னதற்காகப் பிள்ளை பெறவேண்டாம்.

பெரியண்ணை, அக்கா, நான், தம்பி, தங்கச்சி. 1967இல் தொடங்கி 1979இல் முடிந்தோம். அண்ணை படிப்பு, அக்கா வடிவு, தம்பி குழப்படி, தங்கச்சி செல்லம். எனக்குக் கிடைத்தது "பாவம், அவளால ஒரு கரைச்சலும் இல்லை". இந்தப் பட்டங்களை அம்மாதான் வழங்கியிருக்கவேண்டும். ஆனால் முப்பது நாற்பது வருடமாக அழியாமல் காப்பாற்றி வருவது நாங்கள் ஐந்து பேரும்தான்.

தம்பியின் குழப்படிக்குச் சாட்சி ஒரு சைக்கிள். 1988இல் வீட்டுக்கு ஒரேயொரு சைக்கிள், அப்பாவின் றலி. தம்பிக்கு 13 வயது. டியூட்டரி வாசலில் பூட்டாமல் விட்டுவிட்டுக் கிளித்தட்டு விளையாடப் போனான். திரும்பி வந்தால் சைக்கிள் இல்லை. அப்பா பூவரசங்கம்பு முறித்தார். அண்ணை கை வைக்கவில்லை, "பூட்டினியே?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வருடம் ஏஜென்சிக்காரருக்குக் காசு கட்டிச் சுவிஸுக்குப் போகும்வரை, தம்பி படலைக்குள் நுழையும்போதெல்லாம் அதே கேள்வி. ஆள் நடந்து வந்தாலும் கேட்பார்.

அண்ணை போனபிறகு தம்பி மாறினான். ஒரு மாதம்கூட எடுக்கவில்லை. கிளித்தட்டு நின்றது. சாமான் பட்டியல் அவன் கையில். இன்று சீமெந்தும் கம்பியும் விற்கும் கடை வைத்திருக்கிறான், கதவுக்கு மூன்று பூட்டு. அப்படியே இன்னொரு அண்ணை.

2003இல், போரில் மூடிக்கிடந்த யாழ்ப்பாணத்துக்கான ஏ9 தரைப்பாதை திறந்திருந்த காலம், 14 வருடத்துக்குப் பிறகு அண்ணை வந்தார். இரவு இடியப்பமும் சொதியும். தம்பிக்கு 28, அந்த வீட்டை அத்தனை வருடமும் தாங்கியவன். அண்ணை தட்டிலிருந்து தலை நிமிர்த்தாமல் கேட்டார்: "மோட்டார்சைக்கிளைப் பூட்டினியே?" தம்பி கையில் சொதி வடிய எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இருந்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

அதனால் என் கட்சி இது: கூடப்பிறந்தவர்கள் நமக்கு ஒரு கதிரை போட்டு வைத்திருப்பார்கள். வெளியே எங்கே போய் எப்படி இருந்தாலும், அவர்கள் இருக்கும் அறைக்குள் வந்தால் போய் அதில் இருந்துவிடுவோம்.

ஜூன் 9, காலை

பெரியம்மாவின் பட்டியல் பற்றி. ஊரில் ஒரு பழமொழி இருக்கிறது, "மூத்தது மோழை, இளையது காளை". இதன்படி மூத்தது உதவாது. பெரியம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், எது சரி என்று. அவர் மூத்தவரென்றால் கேட்கவேண்டாம்.

ஜூன் 9, மாலை

மகன் புள்ளிவிவரம் படிக்கிறான். இந்தக் கேள்வியை அவனிடம் காட்டினேன், சிரித்துவிட்டு ஒரு மணித்தியாலம் வகுப்பு எடுத்தான். விளங்கியதை எழுதுகிறேன்.

இது பழைய சண்டை. 1874இல் கால்டன் என்ற ஆங்கிலேயர் தங்கள் நாட்டு விஞ்ஞானிகளைக் கணக்கெடுத்து, அவர்களுள் மூத்த ஆண்பிள்ளைகள்தான் அதிகம் என்றார். அவர் ஒன்பது பேரில் கடைக்குட்டி. பிறகு வியன்னாவில் அட்லர் என்ற உளவியலாளர். முதல் பிள்ளை தன் சிம்மாசனம் பறிபோன அரசன், இரண்டாவது எந்நேரமும் ஓட்டப்பந்தயத்தில் என்ற மாதிரிக் கதைகள் எல்லாம் அவரிடமிருந்து பரவியவைதான். அவரோ ஏழு பேரில் இரண்டாவது. அண்ணனின் பெயர் சிக்மண்ட். பின்னாளில் அவர் கூட இருந்து, 1911இல் பிரிந்துவந்த உளப்பகுப்பாய்வாளர் பிராய்டின் பெயரும் சிக்மண்ட். இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, எண்ணிப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? 2015இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒன்று ஜெர்மன் ஆய்வாளர்களுடையது, ஜெர்மனி, பிரித்தானியா, அமெரிக்கா மூன்றிலும் 20,000 பேருக்கு மேல். மற்றது அமெரிக்காவில் 377,000 பள்ளிப் பிள்ளைகள். பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், பதற்றம், புதியதில் நாட்டம் என்று அவர்கள் பார்க்கும் குணங்கள் எதிலும் பிறந்த வரிசைக்குச் சொல்லத்தக்க பங்கு இல்லை. அறிவுத் தேர்வில் மட்டும் மூத்தவர்களுக்குப் புள்ளி சற்று அதிகம். அதுவும் எவ்வளவு? அண்ணன் தம்பி சோடி பத்து எடுத்தால் ஆறில் மூத்தவர் முன்னே, நாலில் இளையவர். நாணயத்தைச் சுண்டினாலே ஐந்துக்கு ஐந்து வரும்.

"அப்ப எங்கட வீட்டுக் கதை?" என்று மகனைக் கேட்டேன்.

"அம்மா, மூத்தவர் எப்பவும் இளையவரை விட வயசு கூடினவர். பொறுப்பாய்த்தான் தெரிவார். அது வரிசை இல்லை, வயசு."

கொஞ்சம் கோபம் வந்தது. அவன் மூத்தவன்.

ஜூன் 12

மூன்று நாளாக யோசித்தேன். மகன் சொன்ன கணக்கு என் கட்சிக்கு எதிரி இல்லை. அந்த ஆய்வுகள் ஆளைத் தனியே இருத்தி, "நீ எப்படிப்பட்டவர்?" என்று கேட்டவை. தம்பியை அவன் கடையில் இருத்திக் கேட்டால் அவன் ஒரு முதலாளி. சொதி வடிந்த கையோடு எழும்பியவனை எந்தப் படிவத்தில் பிடிக்கிறது?

இன்னொன்று. நோர்வேயில் 2007இல் வெளிவந்த ஆய்வு, கட்டாய இராணுவ சேவைக்கு வந்த கிட்டத்தட்ட கால் மில்லியன் இளைஞர்களின் தேர்வுப் புள்ளிகள். அங்கேயும் மூத்தவருக்கு இரண்டு மூன்று புள்ளி கூட. ஆனால் சுவையான இடம் வேறு. அண்ணனோ அக்காவோ சிறுவயதில் இறந்து, மூத்த இடத்தில் வளர்ந்த இரண்டாவது பிள்ளைகளின் புள்ளி மூத்தவர்களுடையதை ஒத்திருந்தது. கருப்பையில் எத்தனையாவது என்பதில் ஒன்றுமில்லை, வீட்டில் எந்த இடத்தில் வளர்ந்தார் என்பதுதான் கணக்கு என்று அவர்கள் முடிவெடுத்தார்கள்.

அண்ணை விமானம் ஏறியதும் தம்பி அண்ணையானான் என்று நான் எழுதினேனே, அதுதான் இது.

பின்குறிப்பு: நோர்வேக்காரர்கள் பார்த்தது ஆண்களை மட்டும். எங்கள் வீட்டில் அண்ணையின் இடம் காலியானபோது அடுத்து நின்றவர் அக்கா, அதற்கடுத்து நான். இடம் எங்கள் இருவரையும் தாண்டி 14 வயதுத் தம்பியிடம் போனது. அக்காவுக்கு அப்போது இருபது. அன்றைக்கு அது எங்களுக்கு வித்தியாசமாகவே தெரியவில்லை. இன்றைக்கு எழுதும்போதுதான் பேனா நிற்கிறது.

(பேனா இல்லை, கைபேசி. எழுதுவினைஞராக 28 வருடம் இருந்த பழக்கம்.)

ஜூன் 15

கேட்ட பெண்ணை விட்டுவிட்டு என் வீட்டுக் கதையில் நிற்கிறேன் என்று ஒருவர் குத்திக்காட்டியிருக்கிறார். நியாயம்.

தனிப்பிள்ளை. 1986இல் நூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து ஒரு கணக்குப் பார்த்தார்கள். தனிப்பிள்ளைகள் குணத்தில் மற்றவர்கள் மாதிரித்தான், பழக்கவழக்கத்திலும் குறைவில்லை, படிப்பில் சற்று முன்னே. சீனாவில் ஒரு பிள்ளைக் கொள்கை 1980ஐ ஒட்டித் தொடங்கி 2015வரை இருந்தது. ஒரு நாடே அம்மம்மா அப்பப்பா நாலு பேரும் தாங்கும் குட்டி அரசர்களால் நிறையப்போகிறது என்று பயந்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய் வரிசையில் நிற்கிறார்கள். நாடு கவிழவில்லை.

நம்மிடையே தனிப்பிள்ளை என்றால் உண்மையில் தனியும் இல்லை. பெரியம்மா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் அண்ணை, அக்கா. மாமா மாமி பிள்ளைகள்தான் மச்சான் மச்சாள். தமிழில் பாதி ஒன்றுவிட்டவர்களைச் சகோதரம் என்றே கூப்பிடுகிறோம், மொழியே பிள்ளைக்கு ஒரு டசின் அண்ணைமாரைக் கொடுத்துவிடுகிறது. பக்கத்து வளவில் இருந்தால் அந்தக் கணக்கு சரி. உங்கள் மகளின் அண்ணைமார் ஸ்காபரோவிலும் பாரிஸிலும் இருந்தால் வட்ஸ்அப்பில் பிறந்தநாளுக்குக் கையசைப்பார்கள். பிள்ளைக்குக் குறைவது பக்கத்து வீடு. அதற்கு இன்னொரு பிள்ளை பெற்று ஈடுசெய்ய முடியாது.

ஜூன் 15, சற்றுப் பிறகு

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். சண்டை. தனிப்பிள்ளைக்குப் பங்கு பிரிக்கும் சண்டை வாய்ப்பதில்லை.

எங்கள் வளவில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றது. அப்பாவின் சட்டம்: வெட்டுகிற ஆளுக்குக் கடைசித் துண்டு. அண்ணை வெட்டமாட்டார், அக்கா வெட்டமாட்டாள், சிறுசுகள் கையில் கத்தி கொடுக்கக்கூடாது. ஆக, நான். இரண்டு பக்கமும் சீவி எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாக்கி, கொட்டையில் கொஞ்சம் சதை விடுவேன். நாலு துண்டு, ஒரு கொட்டை, ஐந்து பேர். கொட்டை எனக்கு. கொட்டையில் எவ்வளவு சதை விடலாம், ஆனால் மற்றவர்கள் கண்டுபிடிக்கக்கூடாது என்பதில் பத்து வயதிலேயே தேர்ச்சி பெற்றுவிட்டேன்.

இன்றைக்கும் வீட்டில் மாம்பழம் வெட்டினால் கொட்டையோடு குசினிக்குள் போய்விடுவேன். எனக்குக் கொட்டைதான் விருப்பம் என்று இவர் இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தார். கேட்டபோது எனக்கே பதில் தெரியவில்லை. விருப்பமாகத்தான் இருக்கவேண்டும்.

ஜூன் 21

"ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஐந்து பேரும் ஏன் ஐந்து மாதிரி?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் 1987இலேயே இந்தக் கேள்வியைத் தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். இரட்டையர் ஆய்வுகளின்படி குணத்தில் ஏறத்தாழப் பாதி பரம்பரை. மீதியில் ஒரே வீடு என்பதன் பங்கு மிகக் குறைவு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வாய்த்தது அதிகம் என்கிறார்கள்.

எங்களுக்கு விளக்கு. 1990க்குப் பிறகு மின்சாரமில்லாத வருடங்களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனைய மட்டும் மண்ணெண்ணெய், நடுவே ஒரு சிறு குழாயில் திரி. மண்ணெண்ணெய் விற்ற விலையில் வீட்டுக்கு ஒரு விளக்கு. அண்ணை சுவிஸில். மிச்சம் நாலு பேர் சுற்றி. அந்த வருடம் சோதனை எழுதுகிறவர் வெளிச்சப் பக்கம், மற்றவர்கள் அவர் புத்தகத்தின் நிழலில். தம்பி ஏ.எல். எடுத்த வருடம் நான் நிழலில் இருந்து சுருக்கெழுத்துப் பயின்றேன். தங்கச்சிக்குச் சின்ன எழுத்து கண்ணுக்குப் பிடிக்காது என்று அவள் மனப்பாடம் செய்யப் பழகினாள், இன்றுவரை ரொறன்ரோவில் தொலைபேசி எண்கள் எல்லாம் மனத்தில்தான். ஒரே விளக்குத்தான். இருந்த பக்கம் வேறு.

இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. பற்றரி கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவில் வயரைக் கொடுத்து மிதியைக் கையால் சுற்றினால் ரேடியோ பாடும். சுற்றியது யார்? தங்கச்சி. செல்லப்பிள்ளை. செய்தி முக்கியமான இடத்துக்கு வரும்போது அவள் கை ஓயும், வாசிப்பவரின் குரல் இழுபட்டுக் கிணற்றுக்குள் போகும், நாலு பக்கத்திலிருந்தும் கத்து விழும். கடைக்குட்டிக்கு எல்லாம் தட்டில் வரும் என்று எழுதுகிறவர்கள் இதையும் ஒருக்கா எழுதலாம்.

ஜூன் 29

அண்ணைமார் 38 வயதுவரை கல்யாணம் கட்டாமல் இருந்தது குணத்தாலா, காலத்தாலா என்று ஒரு கேள்வி. குணம் என்று நாங்கள் புகழ்வதில் ஒரு பகுதி சட்டம்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுதித் தொகுத்தபோது, 12 முதலியார்மார் பார்த்துச் சரி சொன்னார்கள். அதில் கிடக்கிறது: மகன் கல்யாணமாகாதவரை உழைப்பதெல்லாம் வீட்டுப் பொதுத் தேட்டத்துக்கு, உடலில் போட்ட பொன் வெள்ளி நகை நீங்கலாக. மகளுக்குச் சீதனம் கொடுத்தாயிற்றென்றால் பெற்றோர் சொத்தில் மேற்கொண்டு அவளுக்கு உரித்தில்லை. 1911இல் கட்டளைச்சட்டம் வந்து பலதை மாற்றியது. ஆனால் அண்ணை 1989இல் ஒரு சுவிஸ் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவி அனுப்பிய காசு 1994இல் அக்காவின் சீதன வீடாக எழும்பியபோது, எந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது? அவர் கட்டியது 37 வயதில். இதை அவர் தியாகம் என்று ஒருநாளும் சொன்னதில்லை, நாங்களும் சொல்லவில்லை. "அண்ணை எண்டால் அப்பிடித்தானே."

காணி விற்பதிலும் அதே. பங்காளிக்கு முதலில் சொல்லாமல் வெளியாளுக்கு விற்க முடியாது, அதற்கு 1947இல் தனிக் கட்டளைச்சட்டமே இருக்கிறது. ஐந்து பேரும் மூன்று கண்டத்தில் இருந்தாலும் உறுதியில் பக்கத்துப் பக்கத்துப் பெயர். ஒரு பரப்புக் காணிக்காகப் பேச்சு நின்ற சகோதரங்களை எனக்கு எங்கள் தெருவிலேயே மூன்று சோடி தெரியும். அதில் ஒரு சோடி இன்னும் ஒரே கிணற்றில் தண்ணி அள்ளுகிறது. நேரம் மாற்றி.

ஜூலை 6

ஒரு பெரிய திருத்தம்.

யாரோ இதைத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறார்கள். நேற்றுக் கடையைப் பூட்டிவிட்டு (மூன்று பூட்டு) நேரே இங்கே வந்தான். தேத்தண்ணி வேண்டாம் என்றான்.

"டியூட்டரி வாசல் எண்டு ஆர் சொன்னது?"

"நீ தானே."

"நான் எப்ப சொன்னனான்? தட்டெழுத்து வகுப்பு மதிலடி. கொண்டு போனது நீ."

1988இல் எனக்கு 16. ஓ.எல். முடித்துத் தட்டெழுத்துக்குப் போனது உண்மை. சைக்கிளை விட்டுவிட்டு வகுப்புக்குள் போனேனாம், திறப்பு என் கைப்பையிலேயே இருந்ததாம், வெளியே வந்து அழுதேனாம். தம்பி அந்த வழியாக வந்தானாம். பெண்பிள்ளை சைக்கிளைத் துலைத்தது என்று அப்பா அறிந்தால் வகுப்பும் நிற்கும், சைக்கிளும் நிற்கும் என்று அவனே யோசித்து, தான் துலைத்ததாகச் சொல்லுவம் என்றானாம்.

எனக்கு இதில் ஒரு சொட்டும் ஞாபகமில்லை. அக்காவுக்கு எடுத்தேன். "ஓம், உனக்குத் தெரியாதே?" என்றாள், ஏதோ மழை பெய்தது மாதிரி. அக்காவுக்கு 37 வருடமாகத் தெரியும்.

ஞாபகமில்லை என்று எழுதிவிட்டேன். ஆனால் அந்த மதிலில் சுண்ணாம்பு உரிந்து ஒரு இடம் இலங்கை வரைபடம் மாதிரி இருக்கும். அது மட்டும் கண்ணில் நிற்கிறது. வகுப்பு உள்ளே இருந்தது, நான் ஏன் அவ்வளவு நேரம் வெளியே நின்று மதிலைப் பார்த்தேன்?

ஜூலை 7

நித்திரை இல்லை, ஆகவே எழுதுகிறேன்.

இது சரியென்றால் என் கதிரைக் கதையில் பாதி போகிறது. அண்ணை போனதால் தம்பி பொறுப்பானான் என்றேன். 13 வயதில், அண்ணை வீட்டில் இருக்கும்போதே, அக்கா ஒருத்திக்காக அடி வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தவனுக்கு யாரும் போய்த்தான் பொறுப்பு வரவேண்டுமா? "குழப்படி" என்ற பட்டம் அவனுக்கு வசதியாக இருந்திருக்கிறது. எனக்கு அதைவிட வசதி. பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நான். "அவளால ஒரு கரைச்சலும் இல்லை" என்பதற்கு என்ன விலை, யார் கட்டினார்கள் என்று இப்போது தெரிகிறது.

2003இல் அவன் ஏன் எழும்பிப் போனான் என்றும் கேட்டேன். "அண்ணை கேட்டவர். போய்ப் பாத்தன். அதிலை என்ன?" என்றான். நான் 22 வருடமாக அதில் உளவியல் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இடத்தைப் பற்றிய நம்பிக்கையை முழுதாக விடவும் மனமில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு. இராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாணத்தின் வலிகாமமே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது, மழை. சனத்துக்குள் பாலத்தைத் தாண்டவே விடியும்போல இருந்தது. தம்பி சைக்கிளின் பின்கரியரில் தையல் மெசினின் தலையைக் கட்டித் தள்ளினான், அக்கா காணி உறுதிகளைச் சட்டைக்குள் சுற்றியிருந்தாள், தங்கச்சியின் கையில் ஏனோ ஒரு வாளி. ஓரிடத்தில் அப்பா நின்றார். இருபது வயதுத் தம்பியைப் பார்த்து, "இனி என்ன செய்வம்?" என்றார். அப்பா யாரையும் கேட்டு நான் அதுவரை கண்டதில்லை. அக்காவிடம் கேட்கவில்லை, என்னிடமும் இல்லை. அவன், "நடவுங்கோ, கைதடியிலை இருப்பம்" என்றான். கைதடியில் எங்களுக்கு யாரையும் தெரியாது. நடந்தோம்.

வாளியைப் பற்றி இன்றும் எங்களுக்குள் பகிடி உண்டு. "வாளி எங்க?" என்றால் நாலு பேரும் சிரிப்போம். அண்ணை மட்டும் அப்போது சுவிஸில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு எங்கள் உயிர் தெரியாமல் இருந்தவர். பகிடி அவருக்கு விளங்காது. சிரிப்பு முடியும்வரை காத்திருப்பார், கடைசியாகச் சேர்ந்த பிள்ளை மாதிரி.

ஜூலை 20

முன்பு எழுதியதில் ஒரு திருத்தம். வரிசைக்குப் பங்கே இல்லை என்ற மாதிரி எழுதியிருந்தேன். கனடாவில் இரண்டு ஆய்வாளர்கள் அண்மையில், 2015 ஆய்வுகளை விடப் பெரிய எண்ணிக்கையில் பார்த்து, நடுப்பிள்ளைகளும் கடைசிப் பிள்ளைகளும் நேர்மை, பணிவு, ஒத்துப்போதல் இவற்றில் சற்றே கூட என்றிருக்கிறார்கள். சகோதரம் கூடக்கூட இதுவும் கூடுகிறதாம். வித்தியாசம் சின்னது. நடுப்பிள்ளை நேர்மையில் கூட என்பதை, மாங்கொட்டையில் சதை விட்ட கையால் எழுதுகிறேன்.

ஹார்வர்டில் 1938இல் தொடங்கிய நீண்ட ஆய்விலிருந்து இன்னொன்றும் மகன் அனுப்பினான். இருபது வயதுக்கு முன் கூடப்பிறந்தவர்களோடு உறவு சரியில்லாதவர்களுக்கு ஐம்பது வயதுக்குள் மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகமாக இருந்ததாம். பார்த்தது ஆண்களை மட்டும், அதுவும் அந்தக் காலத்து ஹார்வர்ட் மாணவர்கள். கொக்குவிலுக்கு எவ்வளவு பொருந்துமோ. ஆனாலும் வாசித்துவிட்டுத் தம்பிக்கு ஒரு பை கத்தரிக்காய் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறான்.

ஆகஸ்ட் 3

கேள்வி கேட்ட பெண் எழுதியிருக்கிறார். மகள் பக்கத்து வீட்டுப் பெடியனோடு பந்துக்காகச் சண்டை பிடித்து, அவன் கையைக் கடித்துவிட்டாளாம். மாமி "பாத்தியே, தனிப்பிள்ளை" என்றாராம். என் தம்பி என்னை மூன்று தரம் கடித்திருக்கிறான், நாங்கள் ஐந்து பேர் என்று மாமியிடம் சொல்லவும்.

நல்லூர் கொடியேறிவிட்டது, அண்ணை வந்திருக்கிறார். 58 வயது. விறாந்தையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதை முதல் வரியிலிருந்து வாசித்தார், ஒரு மணித்தியாலத்துக்கு மேல். சீதனப் பகுதி வந்திருக்கும், பாலம் வந்திருக்கும், தட்டெழுத்து வகுப்பு மதில் வந்திருக்கும். நான் குசினியில் முருங்கைக்காய் வெட்டுகிற மாதிரி நின்றேன். தம்பி வாசலில் எதையோ தேடுகிற மாதிரி நின்றான்.

அண்ணை கண்ணாடியைக் கழற்றினார்.

"றலி இல்லைப் பிள்ளை. ஹம்பர். றலி பக்கத்து வீட்டுக்காரற்றை."

தம்பி, "ஓம், ஹம்பர்" என்றான்.

தலைப்பை இப்போது மாற்ற முடியவில்லை. றலி என்று வருகிற இடமெல்லாம் ஹம்பர் என்று வாசிக்கவும்.